அத்தையின் ஓட்டும் என் ஃபார்வர்டும்

2024 மார்ச் முதல் வாரத்தில், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் ஆதார் அட்டையைக் காட்டி 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம் என்றும், ஒரு வாக்குச்சாவடியில் ‘டெண்டர் ஓட்டு’ 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றும் சொன்ன ஒரு வாட்ஸ்அப் தகவலை, எங்கள் குடும்பக் குழு உட்பட மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். பிரிவு எண்ணும் சதவீதக் கணக்கும் இருந்ததால், சட்டம் தெரிந்த யாரோ எழுதியிருப்பார் என்று நம்பிவிட்டேன்.

மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்று, வீடு மாறியதில் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டிருந்த என் அத்தை, ஆதாரை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லாமல் ஓட்டுப் போட முடியாது என்று அதிகாரி பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். அத்தையோ என் தகவலைக் கைப்பேசியில் திறந்து காட்டி, “எங்க அண்ணன் மகன் படிச்சவன், அவன்தான் அனுப்பினான்” என்றிருக்கிறார்.

அதன் பிறகுதான் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளைத் தேடிப் படித்தேன். 49ஏ, வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. ‘சேலஞ்ச்’ என்பது வாக்காளர் கேட்டுப் பெறும் உரிமையே அன்று; வந்திருப்பவர் உண்மையில் அவர்தானா என்று வாக்குச்சாவடி முகவர் இரண்டு ரூபாய் கட்டி எழுப்பும் ஆட்சேபம். டெண்டர் ஓட்டு உண்மையில் இருக்கிறது, ஆனால் அது பட்டியலில் இருக்கும் தம் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதைக் கண்டவருக்கானது. 2018 தீபாவளிக்கு வந்த ஒரு படத்தால் இந்த டெண்டர் ஓட்டுக்கான 49பி (49P) என்ற விதி எண் ஊரறிந்ததாகியிருந்தது. அந்த அரை உண்மையின்மேல்தான் மீதிப் பொய் சவாரி செய்தது. 14 சதவீதம் என்று ஒரு விதியும் இல்லை.

ஒரு மணி நேர வெயிலைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது என்றாலும், நான் அனுப்பிய நாளில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்க அத்தைக்கு அவகாசம் இருந்தது. கொடுக்கத்தான் நினைத்திருந்தாராம், ஆதாரே போதும் என்று நான் சொன்னதாக எண்ணி விட்டுவிட்டார். “வந்ததைத்தானே அனுப்பினேன்” என்ற சமாதானம் இந்த இடத்தில் எடுபடவில்லை.

அந்தத் தகவலை அழிக்கவும் வழியில்லை, அதற்கான கெடு எப்போதோ முடிந்திருந்தது. ஆகவே, அனுப்பியது நான்தான், அது தவறு, சரியான விதி இது என்று அதே மூன்று குழுக்களிலும் எழுதினேன். குடும்பக் குழுவில் ஒரு கைகூப்பு மட்டும் வந்தது; குடியிருப்புக் குழுவில் தண்ணீர் லாரி பற்றிய பேச்சில் அது மேலே போய்விட்டது. பிறகு, அதை நம்பியிருக்கக்கூடும் என்று தோன்றிய ஏழு பேரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர்களில் இருவர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எந்தெந்தக் குழுக்கள் என்பது அவர்களுக்கே நினைவில்லை.

ஜூன் மாதம் அத்தையின் படிவம் 6-ஐ நான் உட்கார்ந்து நிரப்பினேன். கையெழுத்திடும் முன், “இதையாவது விசாரிச்சியாடா?” என்று கேட்டார்.