ஏழு ஆண்டு வளர்த்த ஜாதிக்காய், ஆண் மரம்

2013 ஜூன் மழையில், குமரி மாவட்டக் குலசேகரத்தில் எங்கள் தென்னந்தோப்பின் நடுவே ஒரு ஜாதிக்காய் விதையை ஊன்றினேன். விதை உலர்ந்துவிட்டால் முளைக்காது. அதனால் அத்தை வீட்டு மரத்தில் காய் வெடித்த அன்றே, ஈர வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தேன். முளை தலைகாட்ட ஒன்றரை மாதம் ஆனது. முதல் இரண்டு கோடையிலும் ஓலைப்பந்தல் போட்டு, தினமும் தண்ணீர் விட்டேன்.

2020-ல் பூத்தது. வெளிர்மஞ்சள் மணிகள், கொத்துக் கொத்தாக. அத்தை ஒரு பூவைக் கிள்ளி, நகத்தால் பிளந்து பார்த்தார். "மக்களே, இது ஆண்." உள்ளே சூலகம் இல்லை, மகரந்தத் தண்டு மட்டும்தான். ஜாதியில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். விதைக்கன்று எதுவென்று பூக்கும்வரை தெரியாது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்டிவிடு என்றார்கள் பலர். அத்தை விடவில்லை. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆணாவது வேண்டும், நீ பெண்ணைக் கொண்டுவந்து நடு என்றார்.

அதே ஆண்டு ஒரு பெண் ஒட்டுக்கன்றை இருபத்தைந்து அடி தள்ளி நட்டேன். நிமிர்ந்த கொம்பில் எடுத்த ஒட்டா, பக்கக் கிளையில் எடுத்ததா என்று கேட்காமல் வாங்கியது என் தவறு. பக்கக் கிளை ஒட்டு உயராது, புதராகவே படரும். என்னுடையது அப்படித்தான் நிற்கிறது. துறட்டி இல்லாமல் பறிக்கலாம் என்பது ஓர் ஆறுதல்.

2024 கடைசியில் வைத்த பிஞ்சுகளில் பதினொன்று, 2025 ஆடி மழையில் வெடித்தன. மஞ்சள் தோடு, அதாவது காயின் சதைப்பற்றான வெளித்தோல், இரண்டாகப் பிளக்க, பளபளக்கும் கருங்கொட்டையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று வலைபோல ஜாதிபத்திரி! அந்த நிறத்தைப் பார்க்கவே பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கலாம். அடியிலிருந்து மெல்லக் கழற்றினால் பத்திரி கிழியாமல், பூப்போல வரும். முதல் மூன்றைத் திண்ணையில் காயவைத்தேன். ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிட்டது. மற்றவற்றை முறத்தில் பரப்பி, விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். சிவப்பு மங்கி ஆரஞ்சு மஞ்சளாகி, ஒடித்தால் நொறுங்கும் பதம் வந்தது. கொட்டைகள் ஓட்டுக்குள் கிலுகிலுக்கப் பல வாரம் பிடித்தது. தோட்டை நறுக்கி உப்பிலிட்டேன். துவர்ப்பும் புளிப்புமாகக் கஞ்சிக்குப் பொருத்தம்.

ஓணத்துக்கு அடைப்பிரதமன் பாயசம் இறக்கும்போது முதல் கொட்டையை உடைத்து, ஒரு சிட்டிகை மட்டும் துருவிப் போட்டேன். ஜாதிக்காய் அளவு மீறக் கூடாது. அத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

நிமிர்கொம்பு ஒட்டு இரண்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆண் மரத்துக்கு மேற்கே குழி தோண்டியாகிவிட்டது.