சட்டி கழுவும் கையிலும் நிற்கும் கியூட்டெக்ஸ்

ஜூன் 6, வெள்ளவத்தை

தென்மேற்குப் பருவமழை கொழும்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மச்சாளின் கலியாணம் இந்த மாத இறுதியில் பம்பலப்பிட்டியில். வீட்டில் பெண்பிள்ளைகள் எல்லோரும் நகத்துக்கு என்ன நிறக் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். மாமி மட்டும் கையை மடித்து வைத்துக்கொண்டு, "எனக்கு எதற்குப் பிள்ளை கியூட்டெக்ஸ்? சட்டி பானை கழுவுகிற கையில் இரண்டு நாள் நிற்காது" என்றார்.

இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்காது. நாள் முழுக்க உழைக்கிற கைக்குத்தான் அழகு முதலில் சேர வேண்டும். மாமியின் கையிலேயே ஒரு வாரம் நிற்க வைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 7

மாமி குளித்து, காலைச் சமையலின் பாத்திரங்களையும் கழுவி முடித்துக் கையை நீட்டினார். நான் உடனே பூசவில்லை. நகம் கெரட்டின் என்னும் புரத அடுக்குகளால் ஆனது. தண்ணீரை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே இறுகிப்போன பூச்சு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. ஈர நகத்தில் பூசினால், அது காய்ந்து சுருங்கும்போதே பூச்சின் பிடி விட்டுப்போகும். உரிகிறது என்றதும் மலிவான குப்பி என்று குப்பியைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் தண்ணீருடையது. வெந்நீரில் கையை ஊறவைத்து, துடைத்த கையோடு பூசுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மத்தியானம் வரை மாமியைத் தண்ணீர்ப் பக்கம் போகவிடவில்லை. பிறகு நக அரத்தால் ஓரங்களை ஒரே திசையில் ராவினேன். முன்னும் பின்னுமாக இழுத்தால் நுனியில் அடுக்குகள் பிரிந்துவிடும். மூலைகளையும் வளைத்துவிட்டேன், கூர் மூலை துணியில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிற கை அது. பஞ்சில் ரிமூவரை, அதாவது நகப்பூச்சைக் கழற்றும் திரவத்தைத் தொட்டு ஒவ்வொரு நகமாக, பக்கவாட்டுக் குழிகளிலும் சேர்த்துத் துடைத்தேன். பளபளப்புப் போய், சுண்ணாம்பு தடவியது போல நகம் வெளுத்தது. அந்த வெளுப்பு வந்தால்தான் எண்ணெய் போயிற்று என்று அர்த்தம். மாமி பழக்க தோஷத்தில் முடியை ஒதுக்கினார். முடியில் பட்ட நகங்களைத் திரும்பவும் துடைக்க வேண்டியதாயிற்று.

ரிமூவரும் நகப்பூச்சும் எளிதில் தீப்பற்றும் பொருட்கள். அதனால் குசினியில் வைத்துப் பூசாமல் முன் அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். குப்பியைக் குலுக்கக்கூடாது, காற்றுக் குமிழிகள் புகுந்துவிடும். உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டினால் போதும். முதலில் நிறமில்லாத அடிப்பூச்சான பேஸ் கோட், மேலே மாமி தேர்ந்தெடுத்த அரக்கு நிறம் மெல்லியதாக இரண்டு முறை, கடைசியில் நிறத்தைக் காக்கும் மேற்பூச்சான டொப் கோட். ஒன்று காய்ந்த பிறகுதான் மற்றது. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் இறுகி, கரைப்பான் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். பிறகு எது பட்டாலும் குழி விழும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நுனி. நகத்தின் முகத்தில் பூசியதோடு நிறுத்தாமல், வெட்டுவாய் இருக்கிறதே, அந்த மெல்லிய விளிம்பின் மீதும் தூரிகையை ஒரு முறை இழுக்க வேண்டும். தண்ணீர் நுழைவதும் உரிதல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். தோலில் பட்டதைப் பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தேன். தோலோடு ஒட்டிய பூச்சு, தோல் அசையும்போது நகத்திலிருந்தும் கிளம்பிவிடும்.

இரவு

தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. முற்றாக இறுக இன்னும் பல மணி நேரம் வேண்டும். விரலை அமிழ்த்தினால் சீக்கிரம் காயும் என்று மாமியின் மகள் ஐஸ் தண்ணீர்க் கோப்பையோடு வந்தாள். குளிரில் பூச்சு சற்று விறைக்கும். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேறி முடிந்ததாகாது. திருப்பி அனுப்பினேன். இரவுப் பாத்திரங்களை மாமா கழுவினார்.

ஜூன் 9

இன்று தேங்காய் துருவுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிரட்டையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வலது பெருவிரல் நகம் அதன் விளிம்பில் உரசுகிறது. மாமியின் கையில் அந்த நகம்தான் எப்போதும் முதலில் உரியும். காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. விரலைச் சற்றுக் கீழே இறக்கி, சதைப்பகுதியால் பிடிக்கச் சொன்னேன். டின் மூடியை நகத்தால் நெம்புவதையும் நிறுத்தச் சொன்னேன்.

காலி வீதிக் கடையில் உட்புறம் பருத்தி வைத்த றப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். கை வியர்க்கிறது என்றார். வியர்க்கட்டும் மாமி, சவர்க்காரத் தண்ணீரில் ஊறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜூன் 10

டொப் கோட் இன்னொரு முறை, விளிம்பிலும் சேர்த்து. தேய்ந்துபோன பாதுகாப்பு திரும்பி வருகிறது. ஐந்து நிமிட வேலை.

ஜூன் 12

வலது சுட்டுவிரல் நுனியில் கடுகளவு உரிந்திருந்தது. முழுவதையும் அழிக்கத் தேவையில்லை. சொரசொரப்பான ஓரத்தை அரத்தால் தடவி, அந்த இடத்தில் மட்டும் நிறம் தொட்டு, காய்ந்ததும் நகம் முழுக்க டொப் கோட் பூசினேன்.

தங்கை வெளிர் ரோஜா நிறம் கேட்கிறாள். உரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாதது அதில் உள்ள நன்மை. ஆனால் மஞ்சள் புழங்கும் குசினியில் வெளிர் நிறம் கறை பிடிக்கும். சமைக்கிறவர்களுக்கு என் ஓட்டு அரக்குக்குத்தான்.

ஜூன் 13

பழைய குப்பி ஒன்று பாகாக இறுகியிருந்தது. தங்கை அதில் ரிமூவரை ஊற்றப் போனாள், தடுத்தேன். நகப்பூச்சின் அடிப்படை நைட்ரோசெலுலோசு. 1920களில் மோட்டார் கார்களுக்கு அடித்த வர்ணமும் அந்த வகைதான். அதைக் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிற்றேற்று, பியூட்டைல் அசிற்றேற்று போன்ற திரவங்கள். நகப்பூச்சுக்கென விற்கும் தின்னரில் அவையே இருப்பதால், சில துளி விட்டு உருட்டினால் போதும். ரிமூவர் ஊற்றினால் கலவையின் சமநிலை கெட்டு, பூசியது நிற்காது. குப்பியின் கழுத்தைத் துடைத்து இறுக்கமாக மூடினால் இந்தத் தொல்லையே குறைவு.

ஜூன் 14

ஒரு வாரம் நின்றது. பெருவிரல் நுனியில் மட்டும் தேய்வு.

இன்று கழற்றினோம். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் அழுத்தி வைத்திருந்து, பிறகு நுனியை நோக்கி இழுத்தால் நிறம் சேர்ந்து வந்துவிடும். சுரண்டி உரித்தால் நகத்தின் மேலடுக்கும் கூடவே போகும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும். கெட்டுப்போனது வெளியேற மாதக்கணக்காகும். கழற்றியதும் நகங்களுக்கும் சுற்றுத் தோலுக்கும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கலுக்கு முதல் நாள் பூசினால் கலியாணம் வரை நிற்குமா என்று மாமியே கேட்டார். நிற்கும், இடையில் ஒரு டொப் கோட் போட்டால். அதே அரக்கு வேண்டுமாம். அவருடைய அக்காவும் வரப்போகிறாராம்; பஞ்சும் இன்னொரு சோடிக் கையுறையும் வாங்க வேண்டும்.