பிளாஸ்டிக் பையில் பறக்கும் அருங்காட்சியகம்

அர்ஜென்டினாக் கலைஞர் தோமாஸ் சரசேனோ 2007-இல் தொடங்கிவைத்த 'மூசேயோ ஏரோ சோலார்' ஒரு பெரிய பலூன்; வெயிலில் உள்காற்று சூடாகி மேலே எழும்பும். கேட்க வெறும் கனவு மாதிரி இருக்கும்: எரிபொருள் இல்லை, ஹீலியம் இல்லை, பழைய பிளாஸ்டிக் பைகளும் வெயிலும் மட்டும். ஆனால் கணக்கு சரியாக வரும்.

பையின் கைப்பிடியையும் அடியையும் வெட்டி, ஒரு பக்கம் கிழித்து விரித்தால் ஒரு தாள். அவற்றை டேப்பால் ஒட்டி, ஃபேன் வைத்துக் காற்றடைக்க வேண்டும். உள்ளே 50 டிகிரி, வெளியே 20 என்றால் ஒரு கன மீட்டர் காற்று தூக்குவது சுமார் 110 கிராம். 20 மைக்ரான் தடிமனுள்ள பையில் 1 மீட்டர் விட்ட உருண்டை செய்தால் பையின் எடையும் தூக்கும் சக்தியும் சமம், 58 கிராம். டேப் எடை சேர்ந்ததும் தரையிலேயே கிடக்கும்! விட்டத்தை 2 மீட்டராக்குங்கள்: எடை 4 மடங்கு, தூக்கும் சக்தி 8 மடங்கு. எழும்பிவிடும். இந்தியச் சட்டம் கேட்கும் 120 மைக்ரான் பை என்றால் 6 மீட்டருக்கு மேல் வேண்டும்.

காலைக் குளிர்தான் தோது. மேகம் மறைத்தால் இறங்கிவிடும்; கொஞ்சம் காற்றடித்தாலும் சூடு போய்விடும், ஒட்டு பிரியும். வெள்ளைப் பை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்புதான் சூடாகும்.

இதன் அடுத்த கட்டம் 2020 ஜனவரியில், அர்ஜென்டினாவின் சலினாஸ் கிராந்தெஸ் உப்புவெளியில். 'தண்ணீரும் உயிரும் லித்தியத்தைவிட மதிப்புள்ளவை' என்று எழுதிய கறுப்பு பலூனில் பலூன் விமானி லெத்திசியா மார்கெஸ் வெயிலை மட்டும் நம்பிப் பறந்தார். பேட்டரிக்காக லித்தியம் தோண்டக் குறிவைத்த இடத்திலேயே, அங்குள்ள பழங்குடிச் சமூகங்களின் வாசகத்தோடு. பேட்டரியும் கிடையாது.