பத்து விநாடிப் பிழை: தேவாலா தாள் ஒருவழியாக உட்கார்ந்தது

உட்கார்ந்துவிட்டது. ஏழு மாதமாக என்னை அலைக்கழித்த பழைய தேவாலா வரைபடத் தாள் நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு, செயற்கைக்கோள் படத்தின்மேல் சாலைக்குச் சாலை, ஓடைக்கு ஓடை பொருந்தி உட்கார்ந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிப்போயிருந்தார்கள். எழுப்பிச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரியும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நீலகிரி வயநாட்டின் பழைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே பொன் தோண்டினார்கள், எங்கே தேக்கு வெட்டினார்கள், அங்கெல்லாம் இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வட்டாரம். பணியரும் குறும்பரும் காலங்காலமாக மண்ணை அரித்துப் பொன் எடுத்த ஊர்கள் இவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா சுரங்கங்களைப் பார்த்துப் பழகிய பிரஃப் ஸ்மித்தை அரசு 1879இல் வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1880இல் வந்ததும் லண்டனில் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. நொடித்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்களைக் கொள்ளை விலைக்கு வாங்கிப் பாறையைக் குடைந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. தாளில் பெயர்கள் மட்டும் மிச்சம்.

இருபதாம் நூற்றாண்டின் ஒரு அங்குலத் தாள்களில் (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுபவை) பெரிய தொல்லை இல்லை. வேண்டியவை இந்திய நில அளவைத் துறையின் 58ஏ வரிசையில் 6, 7, 10, 11 ஆகிய நான்கு. அந்த நான்கின் மூலையும் சந்திக்கும் 11 பாகை 30 கலை, 76 பாகை 30 கலையை ஒட்டியே கூடலூர் இருக்கிறது. மூன்று மாநிலச் சாலைகள் கூடுகிற ஊருக்குத் தாள்களும் வந்து கூடவேண்டும் என்று யாரோ வேண்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒரு தாளில் கடைத்தெரு, அடுத்ததில் அதன் கொல்லைப்புறம். என்னிடம் இருப்பவை துண்டுகளாக வெட்டித் துணியில் ஒட்டிய பிரதிகள். மடிப்பதற்காகத் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு அங்குல அளவில் அது கிட்டத்தட்ட 95 மீட்டர். ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனியாக வெட்டி, தனியாகப் பொருத்தி, பிறகு சேர்த்தேன். நான்கு தாளும் இரண்டு மாலைகளில் முடிந்தன.

(அளவுகளைப் பஞ்சாங்க வழக்கப்படி பாகை, கலை, விகலை என்றே எழுதுகிறேன். நிமிடம், விநாடி என்று எழுதினால் பின்னால் வரப்போகும் கடிகாரக் கணக்கோடு குழம்பும்.)

என்னைப் படுத்தியது ஐந்தாவது தாள். பழைய வரைபட ஸ்கேன் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். மலைகளைச் சமவுயரக் கோடுகளாக இல்லாமல் மயிர்க்கோடுகளாக நிழலிட்டுக் காட்டும் பழைய பாணி அச்சு. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. தேவாலாவைச் சுற்றி எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் தோட்டப் பெயர்களும் சுரங்கப் பெயர்களும். ஆனால் அந்தப் புண்ணியவான் படம் பார்க்க இலட்சணமாக இருக்கட்டும் என்று நான்கு ஓரங்களையும் கத்தரித்துவிட்டார். தலைப்பு இல்லை, ஆண்டு இல்லை, அடிக்குறிப்பு இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டக்கோடுகளும் அவற்றின் எண்களும் மட்டும் தப்பியிருந்தன. ஓரமில்லாத வரைபடத்தை விற்பது மருந்துச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புட்டியை மட்டும் கொடுப்பதுபோல. பணம் கொடுத்துப் பட்டது இது. வாங்குகிறவர்கள் முதலில் ஓரத்தின் மாதிரியைக் கேளுங்கள், நடுப்பகுதியை அப்புறம் பார்க்கலாம்.

ஆண்டு எனக்கு ஓரளவு பிடிபட்டது. தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து நீலகிரிக்கு மாறியது 1877இல். தாளின் எல்லைக்கோடு புது ஏற்பாட்டைக் காட்டியது. சுரங்கங்கள் இத்தனை நெருக்கமாக இருந்தால் 1880க்குப் பிந்தையதாக இருக்கவேண்டும். அத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். மேல்வரம்பு என்ன என்று யோசிக்காமல் விட்டதுதான் என் முதல் மடத்தனம்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கட்டக்கோடுகள் வெட்டும் இடங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுத்தேன். சராசரிப் பிழை ஒரு பிக்சலுக்கும் கீழே. இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் எழுந்துபோய்க் காப்பி போட்டுக் குடிக்கத் தோன்றும். குடித்துவிட்டு வந்து பார்த்தால் கூடலூர் மலையேறி நடுவட்டம் போகும் சரிவில் நிற்கிறது! ஆற்றங்கரை ஓடை ஒன்று மலைமுகட்டில் ஓடுகிறது.

பழைய காலத்து ஆட்கள், மழையிலும் அட்டையிலும் அளந்திருப்பார்கள், அளவு கோணிப்போயிருக்கும் என்று முடிவுகட்டினேன். அந்த நினைப்பில் ஐந்து மாதம் போயிற்று.

கட்டக்கோடுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடைச் சந்திப்பு, சாலை வளைவு, பாலம் என்று 43 புள்ளிகளைப் பிடித்து, தின் பிளேட் ஸ்ப்ளைன் முறையில், அதாவது படத்தை ரப்பர்போல் வளைத்து எல்லாப் புள்ளியிலும் ஒட்டவைக்கும் முறையில், இழுத்தேன். எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும்? அந்த முறை நாம் சொல்லும் பொய்யையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும் மாமனார் வீட்டு மாப்பிள்ளை. பிழையை எண்ணாகவும் காட்டாது, புள்ளிகளுக்கு நடுவே ஒளித்துவைத்துவிடும். தாளில் நேராக ஓடிய தோட்ட எல்லை ஒன்று திரையில் முறுக்குப்போல் சுழன்றதைப் பார்த்தபோதே நான் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு ஜனவரியில் தேவாலாவுக்கே போய்விட்டேன்.

சுரங்க வாய் என்று திரை காட்டிய இடம் ஒரு தேயிலைச் சரிவு. ஈரம் காயாத புதரில் ஒரு குழி தெரிந்தது. நான் அதைப் படம் எடுப்பதை ஒரு பெரியவர் வெகுநேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப் பக்கத் தோட்டத்திலிருந்து, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்ன தம்பி தேடுகிறீர்கள்?"

"பழைய தங்கச் சுரங்கம் ஐயா. இந்த இடம்தான் என்று மேப் காட்டுகிறது."

"அது காட்டுப்பன்றி தோண்டியது. சுரங்கம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம்" என்று மேற்கே கையைக் காட்டினார். "உள்ளே மட்டும் போய்விடாதீர்கள். மண் எப்போது இறங்கும் என்று சொல்லமுடியாது."

அவர் காட்டிய பக்கம் கொஞ்ச தூரம் நடந்து, காலில் நான்கு அட்டைகளோடு திரும்பினேன். மேற்கே என்று அவர் சொன்னது மட்டும் பஸ்ஸில் வரும்போது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டக்கோட்டை நம்பிச் செய்த முதல் முயற்சியிலும் கூடலூர் கிழக்கே போய்த்தானே நின்றது?

வீட்டுக்கு வந்ததும் ஸ்ப்ளைன் கோப்பை அழித்தேன். ஓடைகளையும் சாலைகளையும் விட்டுவிட்டு, நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த முக்கோண அளவைக்காரர்கள் கட்டாயம் பார்த்திருக்கக்கூடிய உச்சிகளை மட்டும் எடுத்தேன்: முக்கூர்த்தி, ஊசிமலை, நீலகிரிச் சிகரம். மூன்றிலும் தாள் சொல்லும் தீர்க்கரேகையை இன்றைய அளவோடு கழித்துப் பார்த்தேன். மூன்றும் கிழக்கே. மூன்றும் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். அட்சரேகையில் அப்படி எதுவும் இல்லை. மழையில் நனைந்தவன் செய்யும் பிழை இப்படி ஒரே அளவாக, ஒரே திசையில் இருக்காது. அளந்தவர்கள் மயிரிழை பிசகாமல் அளந்திருக்கிறார்கள். அவர்கள் தொடங்கிய புள்ளிதான் இடம் மாறியிருக்கிறது.

அதே காலத்து வேறொரு வட்டாரத் தாள், ஓரம் வெட்டாதது, ஒரு நண்பரிடம் இருந்தது. ஓரத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி: தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தை 80 பாகை 17 கலை 21 விகலை என்று கொண்டு கணக்கிடப்பட்டவை. அந்த ஒரு வரியைத்தான் எனக்கு விற்றவர் கத்தரித்துப் போட்டிருக்கிறார்.

சங்கதி இதுதான். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை, வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பார்த்து நேரம் குறிக்கும் முறையில் பெற்றார்கள். இந்திய முக்கோண அளவை முழுவதும் அந்த எண்ணில் தொங்கியது. தந்தி வந்து இரண்டு ஊர்க் கடிகாரங்களை நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தபிறகுதான் அது சுமார் 2 கலை 27 விகலை கூடுதல் என்று தெரிந்தது. தீர்க்கரேகை என்பது இரண்டு ஊர் நேரங்களின் வித்தியாசம்தான்; கடிகாரக் கணக்கில் இது வெறும் பத்து விநாடி. தேவாலா இருக்கும் அட்சரேகையில் அந்தப் பத்து விநாடி 4.45 கிலோமீட்டர், என் தாளில் ஏழு சென்டிமீட்டர். தெரிந்த பிறகும் பழைய எண்ணையே அச்சிட்டுவந்தார்கள், 1905வாக்கில்தான் மாற்றினார்கள்.

அந்த 80-17-21ஐக் கணக்கிட்டவர் ஜான் வாரன் என்று படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் படையில் இருந்தவர். 1802இல் மைசூர் எல்லையை அளக்கப்போனபோது, கோலார் பக்கம் கிராமத்தார் மண்ணிலிருந்து பொன் அரிப்பதை நேரில் பார்த்து எழுதிவைத்தவர் இவரே. பிற்பாடு, புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தவரும் இவரே. கோலாரின் பொன்னைக் காட்டிக்கொடுத்தவர் தேவாலாவின் பொன்னை என்னிடமிருந்து நாலரை கிலோமீட்டர் தள்ளி ஒளித்துவைத்திருக்கிறார். கோபம் வரவில்லை. வியாழனைப் பார்த்துப் பத்து விநாடிக்குள் வந்ததே பெரிது.

பிறகு வேலை அரைமணி நேரம்தான். கட்டுப்பாட்டுப் புள்ளி அட்டவணையில் ஒவ்வொரு தீர்க்கரேகையிலும் 2 கலை 27 விகலை கழித்தேன். தாளில் 76 பாகை 30 கலை என்றால் நான் கொடுப்பது 76 பாகை 27 கலை 33 விகலை. எளிய பாலினோமியல், அதிலும் முதல் வரிசை: படத்தை நகர்த்தும், திருப்பும், நீட்டும், ஆனால் வளைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: கழித்த கையோடு, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இல் சேமித்துவிடாதீர்கள். தாள் எவரெஸ்ட் கோளவுருவில், அதாவது பூமியின் வடிவத்துக்கு அந்தக் கால அளவைக்காரர்கள் வைத்த கணக்கில், வரைந்தது. அப்படியே வைத்தால் இன்னும் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளியே நிற்கும். மென்பொருளின் பட்டியலில் இந்தக் கோளவுருவுக்கான அமைப்புகள் காலியான்பூர் என்ற பெயரில் 1880, 1937, 1962, 1975 என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நான் 1975ஐக் கொடுத்து, பிறகு அதிலிருந்து டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றினேன். 1962 பாகிஸ்தானுக்கு உரியது. அதை எடுத்துவிட்டு ஓர் இரவு முழித்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இப்போது கூடலூர் கூடலூரில் இருக்கிறது. சுரங்கக் குறிகள் வரிசையாகப் பெரியவர் கைகாட்டிய பக்கம் விழுகின்றன. பெரும்பாலும் தேயிலைக்கு அடியில். அந்த அடுக்கை மட்டும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. இன்றும் திருட்டுத்தனமாகக் குடைந்து மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. புள்ளி வைத்துக் கொடுத்து அந்தப் பாவத்தில் பங்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. மற்ற அடுக்குகளைக் கேட்டால் தருகிறேன்.

எனக்கு இப்போது பொன்னைவிட மரத்தில்தான் கண். பென்னை வனப்பகுதியிலும் முதுமலைப் பக்கமும் 58ஏ தாள்களில் புள்ளிக்கோட்டு வண்டிப்பாதைகள் இருக்கின்றன. சாலையிலிருந்து பிரிந்து, இரண்டு ஓடைகளைத் தாண்டி, காட்டு நடுவில் சட்டென்று நின்றுவிடும். ஊர் இல்லை, கோயில் இல்லை, கிணறுகூட இல்லை. முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். (பழைய புத்தி!) ஆறேழு பாதைகளை ஒருங்கே பார்த்த பிறகுதான் உறைத்தது, அவை நிற்கும் இடம் தேக்கு நின்ற இடமாக இருக்கவேண்டும். யானை இழுத்துவந்து போட்ட மரத்தை வண்டியில் ஏற்றிய இடம். மலைக்குக் கீழே நிலம்பூரில் இந்தத் தொல்லை இல்லை. மரத்தைச் சாலியாற்றில் மிதக்கவிட்டால் கோழிக்கோட்டுக் கல்லாயிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மேலே வண்டி வேண்டும், வண்டிக்குப் பாதை வேண்டும். இதுவரை 31 பாதைகளுக்குக் கோடு வரைந்திருக்கிறேன். 6ஆம் தாளின் மேல்பாதி இன்னும் தொடப்படவில்லை.

அதை முடிக்காமலே ஓவேலிக்குத் தாவிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓவேலி என்று நாம் சொல்வது ஆக்டர்லோனி வேலி தேய்ந்துபோன பெயர். அந்தக் குடும்பத்து கேப்டன் ஒருவர்தான் 1847இல் நீலகிரியை அளந்தவர். அந்த அளவைத் தாளின் ஸ்கேன் ஒன்று விலைக்கு வருகிறது என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். ஓரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.