அம்மா ஏறி நிக்கிற மணை

எங்க வீட்டு சமையலறைய இடிச்சு கட்டினப்போ மேடை எவ்ளோ உயரம் வைக்கணும்னு கொத்தனார் அப்பாகிட்டயும் பெரியப்பாகிட்டயும்தான் கேட்டாரு, அம்மா அங்கேயேதான் காபி டம்ளரோட நின்னுட்டு இருந்தாங்க. கடைசில மேடை அம்மாவுக்கு உயரமா போச்சு, இன்னிக்கும் ஒரு மணையப் போட்டு அதுமேல ஏறி நின்னுதான் தோசை ஊத்துறாங்க.

எழுத்தாளர் அம்பையோட ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ங்கிற சிறுகதைய படிச்சப்போ இந்த மணைதான் ஞாபகம் வந்துச்சு. 1988ல வந்த தொகுப்புக்கும் அதே பேருதான். ராஜஸ்தான்ல ஒரு பெரிய கூட்டுக்குடும்பம், தெற்கேர்ந்து போன மருமக மீனாட்சி. அத்தனை ரூம் இருக்குற வீட்டுல சமையலறை மட்டும் ஒரு ஓரத்துல, பாத்திரம் கழுவுற தொட்டில ஒரு தட்டு கூட வைக்க முடியாது, தண்ணி கால்லயே கொட்டிக் கொட்டி பாதம் வெடிச்சுப்போகுது, ஜன்னல்ல மலை தெரியணும் ஆனா காயப்போட்ட துணி மறைக்குது. வெளி வராண்டாவ அகலமாக்கி பெருசா ஒரு தொட்டி கட்டலாமேன்னு மீனாட்சி கேக்குறா. கொஞ்ச நாள்ல அதே இடத்துல துணி காயப்போட குறுக்கும் நெடுக்குமா நைலான் கயிறு! அதான் மாமனாரோட பதில். சண்டை கிடையாது, ஒரு அதட்டல் கூட கிடையாது.

இதுல கொடுமை என்னன்னா அந்த இருட்டு மூலையில யாரு அதிகாரம் பண்றதுன்னுதான் மாமியாருக்கும் அவங்க மாமியாருக்கும் நடுவுல போட்டியே. வீட்டுல வேற எந்த இடமும் அவங்க கைல இல்லையே, வேற எதுக்குத்தான் போட்டி போடுவாங்க சொல்லுங்க.

பெண்ணியக் கதைன்னாலே நம்மாளுங்க 1966ல விகடன்ல வந்த ஜெயகாந்தனோட ‘அக்னிப் பிரவேசம்’ தான் சொல்லுவாங்க, முன்பின் தெரியாத ஒருத்தன் கெடுத்துட்டு விட்ட பொண்ணு தலைல அம்மா தண்ணி ஊத்தி நீ சுத்தமாயிட்டன்னு சொல்ற கதை. அந்தக் காலத்துக்கு பெரிய துணிச்சல்தான், மறுக்கல. ஆனா அழுக்கு ஒட்டிச்சுன்னு ஒத்துக்கிட்டாதானே கழுவ முடியும்? எனக்கு அது எப்பவுமே உறுத்தும். அம்பை கதைல தண்ணி யாரையும் புனிதமாக்கல, காலடியில தேங்கி நிக்குது, அவ்ளோதான்.

போன வாரம் அம்மாவுக்கு இந்தக் கதைய முழுசா வாசிச்சுக் காட்டினேன். நடுவுல ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சதும், “கடைசில அந்தத் தொட்டிய மாத்துனாங்களாடி?”ன்னு கேட்டாங்க.

இல்லம்மான்னேன்.

“ம்”னுட்டு மணைல ஏறி அடுப்ப பத்த வச்சாங்க.