காலையில் ஒருவருக்கு மட்டும் சீட்டு வரவில்லை

ஜூன் 9, கொழிஞ்சாம்பாறை
பால் சொசைட்டியில் இன்றும் ஒருவருக்கு, ஊற்றிய பாலின் அளவு அச்சாகும் சீட்டு வரவில்லை. தினமும் காலையில் யாரோ ஒருவருக்கு மட்டும் இப்படி. அப்புறம் மாலை வரை ஒழுங்காக வருகிறது. "என்ர பாலு மட்டும் கணக்குல ஏறாதா கண்ணு?" என்று ஒரு பாட்டி கேட்டார். சீட்டு அடிக்கும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதியவன் நான்தான். சீட்டில் எழுத்தெல்லாம் மலையாளம், அவர் பார்ப்பது எண்களை மட்டும். ஆனாலும் அது கையில் இருக்க வேண்டும்.

ஜூன் 10
மழை. கரண்ட் இல்லை.

ஜூன் 11
அளவு பதிந்ததும் டிஸ்பிளே, எஸ்எம்எஸ், பிரிண்டர் மூன்றுக்கும் தகவல் போகும். அச்சு அசல் அப்சர்வர் பேட்டர்ன்; 1994இல் நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தில் வரும் 23 பேட்டர்ன்களில், அதாவது மென்பொருள் வடிவமைப்பு முறைகளில், ஒன்று. பதிந்திருக்கும் எல்லோருக்கும் சொல், அவ்வளவுதான். ஆனால் எந்த நேரத்தில் பதிந்திருந்த எல்லோரும்? வடிவமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அல்லாய் (Alloy) மொழியில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இது முட்டுகிறது. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதை நேராகச் சொல்ல 2021இல் வந்த அல்லாய் 6 கைகொடுத்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: தகவல் சொல்லும் ஒரு சுற்றின் தொடக்கம் முதல் முடிவு வரை பட்டியலில் இருப்பவருக்குத் தகவல் போயே ஆக வேண்டும், நடுவில் விலகியவருக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி.

மூன்று அப்சர்வர், அதாவது தகவல் பெறுபவர் மூவர், என்று வரம்பு கொடுத்து ஓட்டினேன். டீ ஆறுவதற்குள், அந்த விதி உடையும் எதிர் உதாரணம் வந்துவிட்டது. அதில் இரண்டே பேர். முதலாமவன் தன் முறை வந்ததும் தன்னையே நீக்கிக்கொள்கிறான். பின்னால் நின்றவன் அந்த இடத்துக்கு நகர்கிறான். பட்டியலை ஒவ்வொருவராகச் சுற்றி வரும் லூப் அடுத்த எண்ணுக்குப் போகிறது, அவனைத் தாண்டி.

முதலாமவன் எங்கள் எஸ்எம்எஸ்ஸேதான், தாண்டப்பட்டவன் பிரிண்டர்! கேரள-தமிழ்நாடு எல்லையோரம், சிம் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. சிக்னல் போனால் விலகு, வந்தால் சேர் என்று நானே எழுதி வைத்தது. திரும்பச் சேரும்போது பட்டியலின் கடைசியில் போய் நிற்கும், அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால்தான் மறுநாள் மெஷினைப் போடும்வரை தொந்தரவு இல்லை.

ஜூன் 12
பட்டியலை நகலெடுத்து, லூப்பை நகலில் ஓட்டினேன். அல்லாய் மாடலிலும் அப்படியே மாற்றினேன். எதிர் உதாரணம் இல்லை. மூன்று பேர் வரை, சில படிகள் வரைதான், நிரூபணம் என்று சொல்ல முடியாது. எரிச்சல் என்னவென்றால், சுற்றி வரும்போது பட்டியலில் கைவைக்காதே என்று அதே புத்தகம் இட்டரேட்டர் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. நான் அப்சர்வர் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14
காலையில் மெஷினைப் போட்டதும் சிம்மைக் கழற்றினேன். ஐந்து பேர் பால் ஊற்றினார்கள், ஐந்து சீட்டு வந்தது. பாட்டி தன்னுடையதை இடுப்பில் செருகிக்கொண்டு, "அன்னைக்கு வராத சீட்டையும் குடு கண்ணு" என்றார்.