ராத்திரி பதினொரு மணிக்கு வைத்த ஸ்டேட்டஸ்

மதுரையில் வீட்டுச் சமையலறையில் வைத்தே சாம்பார் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. கடை கிடையாது, போர்டு கிடையாது. ஆர்டர் முக்கால்வாசி வாட்ஸ்அப்பில் வரும், மிச்சம் இன்ஸ்டாகிராமில். அதனால் நான் எழுதுகிற நாலு வரிதான் என் கடை வாசல். இது மண்டையில் ஏறுவதற்குள் ஒரு நல்ல மனுஷியை நோகடித்துவிட்டேன்.

ஒருத்தர் இரண்டு கிலோ சாம்பார் பொடி வாங்கிக்கொண்டு மூன்று வாரமாகப் பணம் தரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அன்றைக்கு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டு வந்து, சலித்து, பாக்கெட் போட்டு நிமிரும்போது ராத்திரி பதினொரு மணி. கையெல்லாம் எரிச்சல். அந்த எரிச்சலோடு, "வாங்கும்போது மட்டும் இனிக்கிறது, காசு கொடுக்கக் கசக்கிறதா? வீட்டிலிருந்து செய்கிறவள் என்றால் இளக்காரமா?" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் நூற்றுக்கும் மேலே பேர் பார்த்திருக்கிறார்கள். யாருக்காக எழுதினேனோ அவர் பார்க்கவே இல்லை. ஏழு மணிக்கு டீச்சரம்மா போன் செய்தார். ரிட்டயர்டு டீச்சர், மாதாமாதம் அரை கிலோ வாங்குவார், பென்ஷன் வந்ததும் முதல் வேலையாகப் பணம் அனுப்பிவிடுவார். "ஏம்மா, போன மாசம் எனக்கு ரெண்டு நாள் தள்ளிப்போச்சே, அதைத்தான் எழுதினியா?" என்றார். இல்லவே இல்லை அம்மா என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் குரல் இறங்கினது இறங்கினதுதான். அப்புறம் முதலில் பணம் வரும், பிறகுதான் ஆர்டரே வரும். ரொம்ப நாள் அப்படியே போனது.

கோபத்தோடு எழுதினால் அது போய்ச் சேருவது நம்மை மதிக்கிறவர்களிடம்தான், ஏனென்றால் நாம் எழுதுவதைப் படிக்கிறவர்களே அவர்கள்தான். பணம் தராதவர் எங்கே படிக்கப்போகிறார்? இப்போது அதே விஷயத்தை, "ஆர்டரோடு பணத்தையும் அனுப்பிவிட்டால் மறுநாள் காலையிலேயே உங்களுக்கு வறுக்க ஆரம்பித்துவிடுவேன்" என்று எழுதுகிறேன். பாக்கிப் பிரச்சினை பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது.

நல்லவிதமாக எழுதுவது என்றால் எல்லாம் நன்றாக நடப்பதுபோலக் காட்டிக்கொள்வது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை பாக்கெட் சீல் சரியாகப் பிடிக்காமல் இட்லிப் பொடியில் காற்றுப் புகுந்து, எள்ளில் சிக்கு வாடை வந்துவிட்டது. இரண்டு பேர் சொன்னார்கள். அந்த வாரம் வாங்கிய எல்லோருக்கும், சீல் தப்பாகிவிட்டது, அந்தப் பொடியைச் சாப்பிட வேண்டாம், புதிதாக அரைத்து அனுப்புகிறேன் என்று எழுதினேன். அதில் ஒருவரைக்கூட நான் இழக்கவில்லை.

விலை ஏற்றும்போதும் அப்படித்தான். முன்பெல்லாம் விலைவாசியைத் திட்டி ஒரு புலம்பல் எழுதி, கடைசியில் புது விலையைப் போடுவேன். படிக்கிறவர்களும் அதே விலைவாசியில்தானே குடும்பம் நடத்துகிறார்கள்? போன தடவை மிளகாயை முறத்தில் கொட்டிப் படம் எடுத்துப் போட்டேன். ராமநாதபுரம் முண்டு மிளகாய், குண்டாக, தோல் தடிமனாக இருக்கும், 2023இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இதன் விலை கூடியிருக்கிறது, இதை மாற்ற எனக்கு மனசில்லை, அதனால் கால் கிலோவுக்குப் 15 ரூபாய் கூடுகிறது என்று எழுதினேன். கமுதிப் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருத்தர், எங்க ஊர் மிளகாய் அக்கா என்று சந்தோஷப்பட்டு ஒரு கிலோ சொன்னார். விலையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைப் பொடியில் அது கலக்கிறார்கள், இது கலக்கிறார்கள் என்று எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது என் பொடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். பாக்கெட்டில் என் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் (FSSAI) பதிவு எண் இருக்கிறது, அரைத்த தேதி இருக்கிறது. அது போதும்.

எழுதாமல் இருக்க வேண்டிய நேரமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் (காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்) என் ஆறு பார்சல் தூத்துக்குடிப் பக்கம் மாட்டிக்கொண்டது. நஷ்டம்தான். எழுதலாமா என்று போனை எடுத்தேன், மனசு வரவில்லை. ஆறு பேருக்கும் தனித்தனியாக, பத்திரமாக இருக்கிறீர்களா, பொடியைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று மட்டும் அனுப்பினேன். ஒருத்தரிடமிருந்து நாலு நாள் கழித்துத்தான் பதில் வந்தது, கரண்ட் இப்போதுதான் வந்தது என்று.

போன வாரம் விடியற்காலையில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தபோது, இரும்புச் சட்டியிலிருந்து புகை கிளம்புவதை ஒரு சின்ன வீடியோ எடுத்து, இன்றைக்குச் சாம்பார் பொடி என்று மட்டும் எழுதிப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் டீச்சரம்மாவிடமிருந்து வந்தது: "வாசனை இங்க வரைக்கும் வருது. எனக்கு அரை கிலோ எடுத்து வை. பணம் ஒண்ணாம் தேதி தரேன்."